பள்ளிக்கூடம் போகாத பை

நம் வயதுக்காரர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், பள்ளிக்கூடத்துக்கு எதில் புத்தகம் கொண்டுபோனீர்கள் என்று. ஒயர் கூடை என்பார்கள். ஜவுளிக்கடை மஞ்சள் பை என்பார்கள். கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அலுமினியப் பெட்டி என்பார்கள். எனக்கு ஒரு தோல் பை இருந்தது. சொன்னால் என்னோடு படித்தவர்களே நம்ப மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. அந்தப் பை ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போகவில்லை.

அப்போது நாங்கள் திருவாரூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா பொதுப்பணித்துறையில், ஆற்றுப்பாசன அலுவலகத்தில் எழுத்தர். மேட்டூர் திறந்தால் எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் வரும் என்பது அவர் வாயிலிருந்துதான் எங்கள் தெருவுக்குத் தெரியவரும். முன்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம். அவருக்கு ஊர்ப்புறத்தில் நிலம் இருந்ததால், ஆடி பிறந்துவிட்டால் பின்கட்டுக்கு வந்து அப்பாவிடம் தண்ணீர் விவரம் கேட்பார். நின்றபடியே கேட்டுவிட்டு நின்றபடியே போய்விடுவார். அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டாலும் உட்கார மாட்டார். அவசரக்காரர் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்காரம்மா நல்ல மனசுக்காரர். அதை இப்போதும் சொல்வேன். பண்டிகைக்குப் பண்டிகை பலகாரம் வரும். மாவடு போட்டால் எங்களுக்கும் ஒரு பங்கு வரும். பழைய கண்ணாடி பாட்டிலில், எண்ணெய் டப்பாவில், ஓரம் நசுங்கிய தூக்கில் போட்டு வரும். அம்மா அதைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனால், "இருக்கட்டும், நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிடுவார். எங்கள் சமையலறை அலமாரியில் அப்படிச் சேர்ந்த டப்பாக்களே ஒரு வரிசை இருந்தன. கொடுத்ததைத் திருப்பி வாங்காத பெருந்தன்மையை அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்று யாராவது கேட்டால், "கிறிஸ்டியன்" என்று அப்பா அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுவார். எங்களுக்குச் சொந்த ஊர் ஒன்று இருந்தது. பஸ்ஸில் போனால் சீக்கிரமே போய்விடலாம். ஆனால் நாங்கள் போவதில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. எல்லா வீட்டிலும் போகாத ஊர் ஒன்று இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

அந்த வீட்டுக்குத்தான் அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டதால், ஏஜென்ட் ஒருவர் மூலமாகக் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனவள். அங்கே சண்டை மூண்டதும் பஸ்ஸில் பாலைவனத்தைத் தாண்டி, ஜோர்டானில் கூடாரத்தில் கிடந்து, விமானத்தில் பம்பாய் வந்து, அங்கிருந்து ரயில் மாறி மாறி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் மட்டும் இருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, டேப் ரிக்கார்டர்கூட வாங்கிவரவில்லையா என்று கேட்டார்கள்.

அத்தை சண்டையைப் பற்றிப் பேச மாட்டாள். குண்டு விழுந்ததா, செத்தவர்களைப் பார்த்தாயா என்று நான் துளைத்தெடுத்தால் பேச்சை மாற்றிவிடுவாள். ஆனால் அங்கே வேலை பார்த்த வீட்டு மேடத்தின் பைகளைப் பற்றிக் கேட்டால் நாளெல்லாம் சொல்வாள்.

"ஒரு ரூம் முழுக்கப் பைதான் குட்டி. வாராவாரம் எல்லாத்தையும் இறக்கித் துடைச்சு, உள்ள காகிதம் திணிச்சு, திரும்ப அதது இடத்துல வைக்கணும். மத்த வேலையெல்லாம் கை பாட்டுக்குச் செய்யும். இதுக்கு மட்டும் கண்ணும் கூட வரும். இந்த ஓரத்தை எப்படி மடிச்சான், இந்த முனையில தையலை எங்க கொண்டுபோய் ஒளிச்சான்னு பார்த்துக்கிட்டே நிப்பேன். மேடம் வந்து திட்டுவா."

சண்டை ஓய்ந்து ஆட்கள் திரும்பவும் வளைகுடாவுக்குக் கிளம்ப ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் பெட்டி கட்டினார்கள். அத்தையும் போய்விடுவாள் என்று அம்மா எதிர்பார்த்தாள். அத்தை பாஸ்போர்ட்டைக் கையில் எடுக்கவே இல்லை.

எக்ஸ்போர்ட் என்ற சொல் அப்போதுதான் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் போதகர் ஓர் அறிவிப்புச் செய்தார். சபை மண்டபத்தில் பெண்களுக்குத் தோல் பை செய்யும் பயிற்சி நடக்கப்போகிறது, சொல்லிக்கொடுக்க ஆம்பூரிலிருந்து ஆள் வருகிறார், நன்றாகச் செய்கிறவர்களுக்கு அங்கே ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்றார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் பலர் தரையைப் பார்த்தார்கள். அப்பா ஆசீர்வாதத்துக்குக்கூடக் காத்திராமல் எழுந்து வெளியே போனார். அவர் போவதைத் திரும்பிப் பார்த்த நான், முன்னால் திரும்பியபோது அத்தை கையைத் தூக்கியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"தையல் மிஷின் வாங்கித் தர்றேன். ஜாக்கெட் தை. டைப்ரைட்டிங் போ. ஏம்மா, உலகத்துல வேற வேலையே இல்லையா?"

"எனக்கு இதுதாண்ணே பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கு." அப்பா அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்த்ததைப்போல மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "கத்துக்க. வேணாங்கல. ஆனா தோல் ஒரு துண்டுகூட இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

அத்தை சரி என்று தலையாட்டினாள்.

பயிற்சிக்கு வந்த மாஸ்டர் சின்னப் பையன். மீசை இன்னும் முழுசாக அடர்ந்திருக்கவில்லை. தன்னைவிட மூத்த பெண்கள் நடுவில் நிற்கவே கூச்சப்பட்டு எல்லோரையும் "அக்கா, அக்கா" என்பார். பள்ளிக்கூடம் விட்டு நான் நேரே மண்டபத்துக்குப் போய்விடுவேன். நீளமான மேசையில் தோல் விரித்திருக்கும். கடுக்காயும் மரப்பட்டையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. மழைக்கு முந்தைய மண் வாசனையைப்போல அடித்தொண்டையில் போய் நிற்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் வாரம் யாரையும் கத்தியைத் தொடவிடவில்லை. தோலைத் தடவிப் பார்க்கச் சொன்னார். முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும், பையின் முகம் முதுகிலிருந்துதான் வரவேண்டும் என்றார். முள் கீறிய தழும்பும் உண்ணி கடித்த புள்ளியும் எங்கெங்கே இருக்கிறதென்று பார்த்து, அதைத் தவிர்த்து அட்டையை வைத்து வரையச் சொன்னார். பிறகு வெட்டுவது. அதற்குப் பிறகு ஓரம் சீவுவது. மடிக்கவேண்டிய விளிம்பை உட்புறமாகக் கத்தியால் சீவிச் சீவி மெலிதாக்க வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் தோல் அறுந்துபோகும். பெண்கள் அதில்தான் திணறினார்கள். அத்தையும் எத்தனையோ துண்டுகளைக் கெடுத்தாள். கட்டைவிரலில் எப்போதும் ஒரு துணிக்கட்டு இருக்கும்.

எல்லோரும் மாஸ்டர் கொடுத்த அளவில் பர்ஸ் செய்தார்கள். அத்தையும் செய்தாள். ஆனால் அவளுக்குச் சொந்தமாக ஒன்று செய்ய வேண்டும். தோல்தானே வீட்டுக்குள் வரக்கூடாது, காகிதம் வரலாமே. பழைய காலண்டர் தாள்களைத் தரையில் பரப்பி, என் பென்சிலை வாங்கி வரைவாள். வெட்டுவாள். சோற்றுப் பசை போட்டு ஒட்டுவாள். என்னைக் கூப்பிட்டு அந்தக் காகிதப் பையைத் தோளில் மாட்டி நடக்கச் சொல்வாள். இடுப்பில் இடித்தால் வாரை ஏற்றி ஒட்டுவாள். என் புத்தகங்களை அடுக்கி உயரமும் அகலமும் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவுக்குத் தனியாக ஓர் அறை வேண்டுமா என்று கேட்டாள். அப்போதுதான் அது எனக்கான பை என்று தெரிந்தது. நாலைந்து காகிதப் பைகள் கிழிந்த பிறகு அளவு பிடிபட்டது. அப்பா அந்தத் துணுக்குகளை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போவார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு நிரம்பி, வாய்க்கால் நிரம்பி, நடவு வயலெல்லாம் ஏரிபோல நின்றது. அப்பா அலுவலகத்திலிருந்து வர நேரமாகும். சபை மண்டபத்தின் ஓடு ஒழுகி மேசையெல்லாம் நனைந்துவிட்டது. வெட்டி வைத்த தோலில் பச்சையாகப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும், அவரவர் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அத்தைக்கு வேறு வழி இல்லை. பிளாஸ்டிக் சாக்கில் சுற்றி, மார்போடு அணைத்து, நனைந்துகொண்டே கொண்டுவந்தாள். அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளிக் கொடி கட்டி அம்மாதான் அதை உலர்த்தினாள். அப்பா சொன்னதை அறிந்தும் அம்மா அதைச் செய்தாள். கேட்டதற்கு, "வேலை செஞ்ச பொருள் வீணாப் போகலாமா?" என்றாள்.

அப்பா மழைக்கோட்டோடு வாசற்படி ஏறியவர் அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

"வந்துடுச்சா?" என்றார்.

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். மழையில் எதையும் வெளியே எறிய முடியாது என்பதாலா, இல்லை அலுத்துவிட்டதாலா, எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து பின்கட்டு நடையில் அத்தையின் வேலை நடந்தது. உலர்ந்த துணியால் பூஞ்சையைத் துடைத்து, துளி விளக்கெண்ணெய் தடவித் தேய்த்தால் தோல் மறுபடி நிறம் கொடுக்கும். நூலுக்கு மெழுகு பூசுவது என் வேலை. தேன்மெழுகுக் கட்டியில் நூலை இழுக்க இழுக்க அதில் கோடு விழும். விரல் நுனியில் அந்த மெழுகு வாசனை சாப்பிடும்போதுகூட இருக்கும். அத்தை குத்தூசியால் ஒரே இடைவெளியில் துளை போட்டு, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரு துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்றும் அந்தப் பக்கமிருந்து ஒன்றுமாக நுழைத்து, இரண்டு கையையும் அகல விரித்து இழுப்பாள். நூல் இறுகும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும். இப்படித் தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் முழுத் தையலும் பிரியாது என்று மாஸ்டர் சொன்னாராம்.

ஒரு விடுமுறை நாள். பையின் மேல்மூடியை மடிக்கும்போது மடிப்பில் தோல் வெடித்துக்கொண்டே இருந்தது. அத்தை ஒரு துண்டை வீணாக்கிவிட்டு இன்னொன்றை எடுத்தாள். கொஞ்சம் தள்ளி நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"நனைச்சு மடி."

அத்தையின் கை அப்படியே நின்றது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சொல்லிவிட்டோமே என்று அப்பாவுக்கே அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அத்தை ஈரத் துணியால் அந்த மடிப்பைத் துடைத்து, கொஞ்சம் பொறுத்து மடித்தாள். வெடிக்காமல் மடிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பை முடிந்தது. கருப்பட்டி நிறம். மேல்மூடியின் முனை வெற்றிலை மாதிரி குவிந்து, ஒரு பித்தளைக் கொக்கியில் மாட்டும். உள்ளே பெரிதாக ஓர் அறை, ஓரத்தில் டப்பாவுக்கு ஓர் அறை, பேனாவுக்கு ஒரு சின்னச் சட்டை. விளிம்புகளை ஈரத் துணி வைத்து மரக்குச்சியால் தேய்த்துத் தேய்த்து, புளியங்கொட்டை மாதிரி வழவழவென்று ஆக்கியிருந்தாள். அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறக்கும்போது கொண்டுபோ என்றாள். நான் லீவு முழுக்க அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். அப்பா அதையும் பார்த்தார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தை கோயிலில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்காகத் தங்கிவிட்டாள். நான் நடையில் உட்கார்ந்து பைக்குள் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே அலுவலகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வீட்டுக்காரம்மா வந்தார். வந்தவர் பையைப் பார்த்துவிட்டார்.

"எங்கேடி வாங்கினது இது?"

"எங்க அத்தை செஞ்சது."

அவர் குனிந்து பையை எடுத்தார். கொக்கியைத் திறந்து மூடினார். தையல்மேல் விரலை ஓட்டினார். அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் மனதில் துளி விஷம் இல்லை.

"சார், உங்க தங்கச்சிக்கு என்ன கைங்க. மெட்ராஸ்ல தேடினாலும் இந்த மாதிரி கிடைக்காது."

அப்பா நிமிர்ந்து சிரித்தார். அந்த மாதங்களில் அந்தப் பையைப் பற்றி அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அது வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"இருக்காதா பின்ன," என்றார் வீட்டுக்காரம்மா. "உங்க ஆளுங்களுக்குப் பரம்பரையா வர்ற வேலையில்லையா. ரத்தத்துலயே இருக்கும். எனக்கும் ஒண்ணு செஞ்சு தரச் சொல்லுங்க சார். எம்பொண்ணு கல்யாணமாகி அமெரிக்கா போறா, கொடுத்தனுப்பலாம்."

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டை கருகுகிற நெடி வந்தது. நடைக்கு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார். வீட்டுக்காரம்மாவிடமிருந்து பையை வாங்கி, உள்ளே இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார். பென்சில் டப்பாவை எடுத்து மேலே வைத்தார். தோளில் கிடந்த துண்டால் பையை உள்ளும் வெளியும் துடைத்தார். எழுந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதையே எடுத்துக்கிட்டுப் போங்கம்மா."

"ஐயையோ, குழந்தையோடது சார்."

"அவளுக்கு வேற இருக்கு."

அவர் தயங்கினார். அப்புறம் வாங்கித் தோளில் மாட்டிப் பார்த்துக்கொண்டே முன்கட்டுக்குப் போனார். எங்கள் வீட்டிலிருந்து ஒரு டப்பாவைக்கூடத் திருப்பி வாங்காத கை, முதன்முதலாக ஒன்றை வாங்கிக்கொண்டது அன்றைக்குத்தான். அம்மா சமையலறை வாசலில் நின்று அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். பை போனதற்காக அழுதேன். மற்றது எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் அத்தை வந்தாள். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை நேரே அப்பாவிடம் போனாள்.

"குழந்தை பைண்ணே அது. நீ எப்படிக் கொடுக்கலாம்?"

"அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"அண்ணி சொன்னாங்க."

"தெரிஞ்சுமா கேக்குறே? இத்தனை வருஷம் இந்தத் தெருவுல ஒருத்தனுக்கும் தெரியாம இருந்தேன். நீ தோலைக் கொண்டாந்து மோப்பம் காட்டிட்டே."

அத்தை கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் வடிந்துவிட்டதைப்போலத் தெரிந்தது.

"அண்ணே, அவங்களுக்கு முன்னயே தெரியும். நான் வந்த வாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த மனுஷன் இந்த வீட்டுல என்னைக்காவது உட்கார்ந்திருக்காரா? கொடுத்த ஏனத்தை அந்தம்மா என்னைக்காவது திருப்பி வாங்கியிருக்காங்களா? உனக்கும் அண்ணிக்கும்தான் தெரியல."

அப்பா குரல் தாழ்த்திப் பேசினார். அப்படி அவர் பேசி நான் கேட்டதில்லை.

"நம்ம அப்பா தோலுக்கு உப்பு தேய்ச்ச கையோட சோறு தின்னது உனக்கு ஞாபகம் இருக்கா? வெடிச்ச கையில உப்பு இறங்கி எரியும். ஊர்ல யார் வீட்டு மாடு செத்தாலும் ஆள் வரும். செத்த மாட்டைக் கட்டித் தூக்குற கம்போட மறுமுனையை என் தோள்ல வச்சாங்க. நாலாவது படிக்கிறேன் நான். அந்த வாடையோட பள்ளிக்கூடம் போனா எவன் பக்கத்துல உட்காருவான்?"

"எனக்கு ஞாபகம் இருக்கிறது வேறண்ணே. நீ ஆம்பளப் புள்ள, உன்னைத் தூக்கக் கூப்பிட்டாங்க. நான் வீட்டுல இருந்தேன். மிஞ்சின துண்டுல எனக்கு அவரு செருப்பு தச்சுக் கொடுத்தாரு. வார்ல ஒரு பூ வெட்டியிருந்தாரு. அதைத்தான் நான் பார்த்தேன்." அத்தை மூச்சு விட்டுக்கொண்டாள். "அவரு ஊர்க்காரன் சொல்லிச் செஞ்சாரு. இது நானாக் கையைத் தூக்கிப் போய்க் கத்துக்கிட்டது. ரெண்டும் ஒண்ணா?"

"பாக்குறவனுக்கு ஒண்ணுதான்மா."

அப்பா தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பியே அத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்தார். அந்த நம்பிக்கையை உடைத்தது பகையாளியில்லை, ஒரு பாராட்டு. இப்போது அவர் வயதை நெருங்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு எட்டுகிறது.

பயிற்சி முடிந்ததும் ஆம்பூர்க் கம்பெனியில் சில பெண்களை எடுத்துக்கொண்டார்கள். அத்தையும் ஒருத்தி. அவள் கிளம்பிய அன்று அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமாக அலுவலகம் போய்விட்டார். ஆனால் அவளுடைய தகரப் பெட்டியை எழுந்ததுமே கயிறு போட்டு இறுக்கிக் கட்டி வைத்துவிட்டுத்தான் போனார். அம்மாவும் நானும் பஸ் ஏற்றிவிட்டோம். உனக்கு வேறு பை செய்து தருகிறேன் என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். அவள் பின்னால் மாதிரிப் பைகள் செய்யும் பிரிவுக்கு உயர்ந்து, சென்னைக்கு மாறி, எந்தெந்த நாட்டுப் பெண்களோ தோளில் மாட்டும் பைகளுக்கெல்லாம் அளவு வெட்டினாள். எனக்கு மட்டும் செய்து தரவில்லை. நேரமில்லை. நான் வேலைக்குப் போன பிறகு ஒருமுறை அந்தப் பையைப் பற்றிக் கேட்டேன். "அதுல இடது பக்கத் தையல் கொஞ்சம் கோணல். உனக்குத் தெரியாது," என்றாள்.

பொங்கல் கழிந்ததும் வீட்டைக் காலி செய்யப்போவதாக அப்பா சொன்னார். வீட்டுக்காரர் பதறிப்போனார். "என்ன குறை சார்?" என்று கேட்டார். அப்போதும் நின்றுகொண்டுதான் கேட்டார். "ஒரு குறையும் இல்லைங்க," என்றார் அப்பா.

அடுத்த சனிக்கிழமை வீடு தேடக் கிளம்பியவர் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். ஏன் என்று தெரியாது. அம்மாவைத்தான் அழைத்துப் போயிருக்க வேண்டும்.

முதல் வீடு கமலாலயக் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில். வெளியே வந்தவர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். சாருக்கு எந்த ஆபீஸ், எத்தனை பேர், சொந்த ஊர் எது என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும், அங்கே எந்தத் தெரு என்றார். நான் அப்பா சொல்லப்போகும் பதிலைத் தெரிந்துவைத்திருந்தேன். கிறிஸ்டியன் என்பார், பேச்சு முடிந்துவிடும்.

"நாங்க பறையருங்க," என்றார் அப்பா. "எங்கப்பா மாட்டுத்தோல் உரிச்சவரு. எந்தங்கச்சி ஆம்பூர்ல தோல் பை தைக்குது. நான் பி.டபிள்யூ.டி.யில எழுத்தர்."

அந்தச் சொல்லை நான் அதுவரை தெருச்சண்டையில் வசவாகத்தான் கேட்டிருந்தேன். அது எங்களுடையது என்று எனக்குத் தெரியாது. அப்பா அதை யாரோ பெயர் கேட்டதற்குப் பெயர் சொல்வதைப்போலச் சொன்னார். குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. ஆனால் சைக்கிள் ஹேண்டில்பாரில் இருந்த அவர் கை இறுகியிருந்தது. நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அடடே, பையன் குடும்பத்தோட வர்றேன்னு எழுதியிருந்தான். நான்தான் மறந்துட்டேன் சார்," என்றார்.

அடுத்த வீட்டிலும் அப்பா அதையே சொன்னார். அங்கே யாரும் ஊரைக் கேட்கக்கூட இல்லை, அவராகவே சொன்னார்; வீடு இல்லை என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் ஒரு அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டே, புரோக்கரைப் பாருங்கள் என்றாள். வெயில் ஏறிவிட்டது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் இறங்கி நின்றோம். எனக்குத் தாகம், கால்வலி, எல்லாவற்றையும்விட வெட்கம்.

"அப்பா, அதைச் சொல்லாதீங்கப்பா. சொன்னா வீடு கிடைக்காது."

அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்ஸ் வண்டி ஒன்று நெல் மூட்டையோடு மெதுவாகப் போனது. அது போய் முடிந்த பிறகு சொன்னார்:

"சொன்னதுக்கப்புறம் கிடைக்கிற வீட்டுலதாம்மா நிம்மதியா இருக்க முடியும்."

கேட்டுக்கு அந்தப் புறம், ஓடம்போக்கி ஆற்றை ஒட்டி ஒரு மாடி காலியாக இருந்தது. கீழே வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருந்தார். கூத்தாநல்லூர்க்காரர், தலையில் வெள்ளைத் தொப்பி. அப்பா ஆரம்பித்ததும் அவர் பருப்பு நிறுப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"அதை நான் கேக்கலையே சார்," என்றார் பிறகு. பொட்டலத்தைக் கட்டி, நூலை அறுத்தார். "எம்மவன் சிங்கப்பூர்ல எவன் வீட்டு மாடியிலயோ இருக்கான். அங்க அவனை என்னென்ன கேக்குறாங்களோ. ஆத்தோரம், கொசு இருக்கும். அதைத்தான் நான் முன்னாடியே சொல்லிடணும்." சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.

அப்பாவுக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை. மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டுமோ என்பதுபோல நின்றார். நான்தான் எடுத்தேன்.

வீட்டுக்கு வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சுடுச்சு," என்றார் அப்பா.

"என்ன சொல்லிக் கேட்டீங்க?"

"சொல்லித்தான் கேட்டேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள்.

"சமையக்கட்டுல ஜன்னல் இருக்கா?" என்று கேட்டாள்.